துரைக்கு ஏற்ற தாள்

செப்டம்பர் 2, திங்கள்

பலராம ராஜா வந்துவிட்டுப் போனார். ராஜபாளையத்தில் ஸ்டூடியோக்காரர்களுக்கும் படம் வரைகிறவர்களுக்கும் பஞ்சமே இல்லை. ஆனாலும் மனிதர் காரை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார். இதை எழுதி வைக்காமல் வேறு எதை எழுதி வைப்பது?

அவருடைய நாயை வரைய வேண்டுமாம். எங்கள் ஊரில் நாய் வளர்ப்பது பெரிய கௌரவம். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, ஒட்டின வயிறு. பெயர் துரை. கண்காட்சிக்குக் கண்காட்சி கோப்பை வாங்கியவன், இப்போது கிழவன். பின்னங்கால் இழுக்கிறதாம்.

"அவன் இருக்கும்போதே அவன் படத்த ஹால்ல மாட்டிறணும்மா. தீபாவளிக்குப் பங்காளிக அத்தன பேரும் வருவாக. அதுக்குள்ள முடியுமா?"

"முடியுமான்னு என்கிட்டயா கேக்கீங்க?" என்றேன்.

சுவரில் மாட்டியிருக்கும் என் வெங்கலப் பானைப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மதுரை கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய படம். கலர் பென்சிலில் வரைந்தது என்று சொன்னால் இன்னும் யாரும் நம்ப மாட்டார்கள், அப்படி மின்னும். "எம் பையன், துரை போட்டோவ மதுரைல குடுத்து கேன்வாஸ்ல அடிச்சிறலாம், ஒரு நாள் வேலைங்கான். நாந்தான், உலகம்மை அம்மா கையால வரையட்டும்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னபோது நான் காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் நல்ல சூடு.

செப்டம்பர் 5, வியாழன்

ஆரம்பித்தாயிற்று. என் முறை ஊரறிந்தது. வழுவழுவென்ற வெள்ளை அட்டை. அதில் பென்சிலை அழுத்தித் தேய்த்து, மேலே இன்னொரு நிறம் அழுத்தித் தேய்த்து, பென்சிலில் இருக்கிற மெழுகெல்லாம் அட்டையில் ஏறி மினுங்கும்வரை விடமாட்டேன். மற்றவர்கள் தடவுவார்கள். நான் ஏற்றுவேன்.

இன்று பின்னணிக்குக் கரும்பச்சை. எவ்வளவு தேய்த்தும் வெளுத்த பாவாடை மாதிரியே இருக்கிறது. இந்தத் தடவை வந்த அட்டை மட்டம். மதுரைக் கடைக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன். "அதே அட்டைதாம்மா, போன தடவ வாங்குனீகளே அதே பெட்டிதான்" என்று சாதிக்கிறான். வியாபாரி பேச்சு.

சாயங்காலம் ஊறுகாய் பாட்டிலை என் வீட்டுக்காரர்தான் திறந்து கொடுத்தார். இப்போதெல்லாம் மூடியை என்ன கண்றாவிக்கு இப்படி இறுக்குகிறார்களோ.

"கை வலிக்கா உலகு?" என்று கேட்டார்.

"எனக்கென்ன வலி? ஆனி மாசம் வந்த காய்ச்சல் ஆனி மாசத்தோட போச்சு."

உண்மைதான். சிக்குன்குனியா எங்கள் தெருவையே படுக்கப் போட்டது. எதிர்வீட்டுக்காரி இன்னமும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். நான் ஒரே வாரத்தில் எழுந்து தோசை சுட்டவள்.

செப்டம்பர் 9, திங்கள்

அட்டையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். வாட்டர்கலர் தாள் நல்ல கனமானது ஒன்று வீட்டில் கிடந்தது, அதில் துரையின் காதை மட்டும் போட்டுப் பார்த்தேன். தாள் முழுக்கக் குழி குழியாக இருப்பதால் நிறம் மேட்டில் மட்டும் ஒட்டுகிறது, குழியெல்லாம் வெள்ளைப் புள்ளி. கோப்பை வாங்கிய நாய்க்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

அழுத்தித் தேய்த்தால் குழி நிரம்பும். இன்றைக்கு அழுத்த மனசில்லை.

செப்டம்பர் 14, சனி

துவையலுக்குத் தேங்காயை இவரே துருவினார். துருவுவது அவருக்குப் பிடிக்கும்.

செப்டம்பர் 18, புதன்

கூரியரில் புதுத் தாள் வந்தது. தச்சர்கள் மரம் தேய்க்கிற உப்புத்தாள் தெரியுமில்லையா, கிட்டத்தட்ட அதேதான், ஆனால் படம் வரைகிறவர்களுக்கென்று செய்தது. தொட்டாலே நிறம் ஒட்டுகிறது. முதலில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மத்தியானத்துக்குள் பாதிப் பென்சிலைத் தின்றுவிட்டது. மேசையெல்லாம் நிறத்தூள். ஒரு மயிரிழைக் கோடு போடலாம் என்றால், கூராகச் சீவின முனை வைத்த மாத்திரத்தில் மொண்ணையாகிறது. மீசை இல்லாத துரையை ராஜாவிடம் கொடுக்க முடியுமா?

ஷார்ப்னரையும் திருகித் திருகி அலுத்துவிட்டது. கடைசியில் இவர் பேப்பர் படித்துக்கொண்டே எல்லாவற்றையும் சீவிக் கொடுத்தார். மில்லில் மெஷின் பராமரிப்பு பார்க்கிறவர், கை வேலையில் சுத்தம் இருக்கும். ஆனால் இன்று எதையோ சொல்ல வருகிறவர் மாதிரி இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றினார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

டிரேசிங் ஃபிலிமிலும் பார்த்தாகிவிட்டது. அழகான கோடு. ஆனால் மூன்றாவது தடவை நிறம் வைத்தால் ஏற்கெனவே வைத்ததும் சேர்ந்து பெயர்ந்து வருகிறது. அது கட்டடம் வரைகிறவர்களிடமே இருக்கட்டும்.

செப்டம்பர் 27, வெள்ளி

இன்று துரையைப் பார்க்க ராஜா வீட்டுக்கே போனேன். போட்டோவில் இல்லாத சங்கதி நேரில் இருக்கும்.

முற்றத்து வெயிலில் படுத்திருந்தான். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீயெல்லாம் எழுந்திருக்கும்படியான ஆள் இல்லை என்பது போல மறுபடி படுத்துக்கொண்டான். அந்தத் திமிர் எனக்குப் பிடித்துப்போயிற்று.

ராஜாவின் மகன் பிரசன்னா செல்போனில் ஒரு கேன்வாஸ் படம் காட்டினான். "இப்படித்தான் வரும் ஆன்ட்டி, ஷார்ப்பா இருக்கும்." பார்த்தேன். நாய் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. தம்பிக்குத் தெரியவில்லை, வெள்ளை நாய் வெள்ளையே கிடையாது. காது விளிம்பில் இளம் ரோஸ், கழுத்தில் லேசாக மஞ்சள், வயிற்றடியில் நிழல் விழும் இடத்தில் நீலம். நிஜ வெள்ளை நெற்றியிலும் முதுகிலும் மட்டும்தான் இருக்கிறது. இதைப் பார்க்கிற கண் எனக்கு இருக்கிறது, அதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. வெள்ளைத் தாளில் வெள்ளையை எங்கே வைப்பது? தாளே நிறமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 1, செவ்வாய்

மதுரையிலிருந்து சாம்பலும் காவியும் கலந்த மாதிரி ஒரு தாள் வரவழைத்தேன். பெரிய அளவில் ஒன்றே ஒன்றுதான் கடையில் இருந்ததாம், அடுத்த சரக்கு தீபாவளி கழித்துத்தான். இந்தத் தாளுக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் வழுவழுப்பு. மறுபக்கம் வலை பின்னின மாதிரி சொரசொரப்பு. சொரசொரப்புப் பக்கம் கரித்துண்டு வைத்துப் பூசுகிறவர்களுக்கு. இரண்டு முகத் தாள் என்றால் பென்சில்காரிக்கு வழுவழுப்புத்தான். இது நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம், எந்தக் காலத்திலும் மீறியதில்லை.

அக்டோபர் 5, சனி

துரையின் இடது கண் முடிந்தது. தேன் நிறக் கண்ணில் அந்தத் திமிர் அப்படியே வந்திருக்கிறது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்மளயே மொறைக்கானே" என்றார். அதுதான் எனக்கு வேண்டியது.

நெற்றியில் வெள்ளை வைக்க ஆரம்பித்தேன். மெதுவாக வைத்தால் ஒன்றுமே விழவில்லை. அழுத்த வேண்டியிருக்கிறது. பென்சில் இரண்டு தடவை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உள்ளே இருக்கிற நிறக்குச்சி ஒடிந்துவிட்டது. மேலே பூசியிருக்கிற பெயின்ட் வழுக்குகிறது, தயாரிப்பு சரியில்லை.

அண்டாவில் வெந்நீர் வைத்து உப்புப் போட்டுக் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதமாக இருந்தது, அவ்வளவுதான். நிமிர்ந்தபோது இவர் அடுக்களை வாசலில் நின்றார்.

அக்டோபர் 8, செவ்வாய்

வரையவில்லை. மூன்று வீட்டில் கொலு.

அக்டோபர் 10, வியாழன்

நெற்றி சரியாக இல்லை. ஒரு இடம் அப்பின மாதிரி, ஒரு இடம் காலியாக. என் கைக்கு இப்படி வந்ததே கிடையாது.

ராஜா போன் செய்தார். "அவசரமில்லம்மா. முடியலன்னா சங்கடப்படாம சொல்லீருங்க. பையன் கேன்வாஸுக்குக் குடுக்கேன்னு நிக்கான்."

"முக்கால்வாசி முடிஞ்சிருச்சு" என்றேன். முடிந்தது ஒரு கண்ணும் அரை நெற்றியும்.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. பென்சில் டப்பா, ஷார்ப்னர், அழிப்பான், துரை இருக்கிற பலகை எல்லாவற்றையும் நானே கொண்டுபோய் சாமி முன்னால் வைத்தேன். நாளைக் காலை மறுபூஜை முடிகிறவரைக்கும் எதையும் தொடக் கூடாது. ஒரு நாள் சும்மா இருக்கலாம் என்று நினைத்தபோது மனசு லேசானது, ஏன் என்று தெரியவில்லை.

சுண்டலைத் தாளித்து எடுத்துக்கொண்டு வருகிறேன். இவர் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார். மிக்சிக்குப் பொட்டு. ஸ்பானருக்குப் பொட்டு. பென்சில் டப்பாவுக்குப் பொட்டு. அப்புறம் என் துரை. தாளின் ஓரத்தில் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. நட்ட நடு நெற்றியில், கொழகொழவென்று சந்தனம், அதன் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். துரை கல்யாண மாப்பிள்ளை மாதிரி என்னை முறைக்கிறான்.

சுண்டல் தட்டைக் கீழே வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பூஜையில் வைத்ததைத் தொட்டுத் துடைக்கவும் முடியாது. இவர் தீபாராதனை காட்டும்போது நான் சாமியைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 12, சனி

எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்து, எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மறுபூஜை முடிந்ததும் பஞ்சை நனைத்துப் பொட்டைத் துடைத்தேன். சந்தனம் போனது. குங்குமம் இழுகி, நெற்றி முழுக்கச் சிவப்பு. தாள் கனமானதால் பின்பக்கம் ஊறவில்லை, மற்றபடி அந்த முகம் அவ்வளவுதான்.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன். "படத்து மேலயா வைப்பாக பொட்ட?"

இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நான் ராஜாட்ட போன் போடுதேன். எம் பொண்டாட்டி முக்காவாசி வரைஞ்சிட்டா, நாந்தான் பூஜைல பொட்டு வச்சு கெடுத்துட்டேன்னு சொல்லுதேன். அவரு கேன்வாஸ்ல அடிச்சிக்கிடட்டும். உம் பேருக்கு ஒண்ணும் வராது" என்றார்.

ரொம்பத் தயாராகச் சொன்னார். யோசித்து வைத்திருந்த பேச்சு. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"வேணும்னேதான் வச்சீங்களா?"

"ஆமா."

"என்னால முடியலன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"நீ சொல்ல மாட்டே. அதான் நான் வச்சேன்." குரலை உயர்த்தவே இல்லை. "அட்ட சரியில்லம்பே, பென்சில் சரியில்லம்பே, ஊறுகா மூடி சரியில்லம்பே. காலைல பல்லு விளக்குத பிரஷ்ஷ ரெண்டு கையால பிடிக்கே. எனக்குக் கண்ணு இல்லியா உலகு? எம் மேல பழியப் போட்டுட்டு நீ கொஞ்ச நாள் சும்மா இரி."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. என் படத்தைக் கெடுத்ததற்குக் கூட அவ்வளவு கோபம் இல்லை. என் தோல்விக்கு இன்னொருத்தர் பழி சுமப்பதா? அதுவும் இந்த மனிதர், ஒரு தடவைகூட ஒரு பொருளைக் கீழே போட்டு உடைக்காதவர், எனக்காகத் தன்னைக் கூறுகெட்டவன் என்று ராஜாவிடம் சொல்லிக்கொள்வாராம். அழுதுவிட்டேன். அவர் முன்னால் அழுதேன்.

"வலிக்குது" என்று சொன்னேன். "விரல மடக்க முடியல. காலைல எந்திரிச்சா கை என் கையாவே இல்ல. ஆனியிலிருந்தே."

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் விரல் கணு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மெஷினைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். "போன் போடட்டுமா?" என்றார்.

"போட்டீங்கன்னா பாருங்க."

அவர் டீ போடப் போனார். பொட்டு அப்பின அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் தாளைக் கவிழ்த்தேன். சொரசொரப்புப் பக்கம் மேலே வந்தது. வெள்ளைப் பென்சில் கையில் இருந்தது. கோபத்தில், பென்சிலின் வாலைப் பிடித்து, எட்டுக்கால் பூச்சியை விரட்டுகிற மாதிரி அலட்சியமாக இழுத்தேன். அழுத்தவே இல்லை. வெள்ளை விழுந்தது.

மறுபடி இழுத்தேன். வலைப் பின்னலின் மேட்டில் மட்டும் வெள்ளை நின்றது, இடையில் தாளின் சாம்பல் அப்படியே தெரிந்தது. ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தால் மயிர். துரையின் மயிர். படிந்து கிடக்கிற, உள்ளே சூடு இருக்கிற மயிர்.

டீ ஆறிப்போயிற்று. இரண்டு பேரும் அந்த ஒரு கைப்பிடி அகல வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் 13, ஞாயிறு

சட்டத்தை மீறியாகிவிட்டது. துரை இனி சொரசொரப்புப் பக்கத்தில்.

அக்டோபர் 17, வியாழன்

இது வேறு வேலை. அழுத்தம் கிடையாது. ஒரு நிறத்தை மெல்லப் பரப்பி, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. பொறுமைதான் வேண்டும், எனக்குப் பொறுமை கிடையாது. காலையில் கொஞ்சம், வெயில் ஏறினதும் கொஞ்சம், விரல் சொன்னால் நிறுத்திவிடுகிறேன். விரல் சொல்வதை நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

மில்லிலிருந்து இவர் பருத்தி நூல் கொண்டுவந்து பென்சில்களுக்கு மேல் தடிமனாகச் சுற்றித் தந்திருக்கிறார். பிடிக்க இதமாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பென்சிலும் கட்டுப் போட்ட விரல் மாதிரி இருக்கிறது, அதையும் அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

மீசைக்கு மட்டும் ஒரு தடவை அழுத்தினேன். உயிர் போயிற்று. ஆனால் மீசை வந்துவிட்டது.

அக்டோபர் 23, புதன்

வயிற்றடி நீலம் வைத்த பிறகு தூரத்திலிருந்து பார்த்தேன். என்னை அறியாமல், "அடியே உலகம்மை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அக்டோபர் 28, திங்கள்

கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ராஜா வீட்டு ஹாலில் சோபா மேல் சாய்த்து வைத்துத் துணியை எடுத்தார் இவர். ராஜாவும் பிரசன்னாவும் நின்று பார்த்தார்கள். ராஜா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரிடம் படம் கொடுக்கும்போதும் எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை.

"உங்க வீட்ல இருக்க வெங்கலப் பானை மாதிரி பளபளப்பு இல்லையேம்மா" என்றார்.

இவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். நாக்கு நுனியில் பதில் இருந்தது: இந்தத் தாள் அப்படி, சரக்கு வரவில்லை, தீபாவளி நெரிசல். எத்தனை வாரமாகச் சொல்லிப் பழகின பேச்சு! விழுங்கிவிட்டேன்.

"காய்ச்சலுக்கு அப்புறம் என்னால அழுத்த முடியாது ராஜா. அந்தப் பளபளப்பு இனிமே என் படத்துல வராது. இப்ப என் கை இதுதான். உங்களுக்கு அதுதான் வேணும்னா கேன்வாஸ்ல அடிச்சிக்கிடுங்க, எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது."

வருத்தம் இருந்திருக்கும். நிறையவே இருந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னபோது என் முதுகு நேராக இருந்தது.

ராஜா தலையை ஆட்டினார். "நான் குறையாச் சொல்லலம்மா. துரை பளபளன்னு இருந்தது கோப்பை வாங்குன காலத்துல. அந்தத் துரைக்குப் போட்டோ நெறைய இருக்கு. இப்ப முத்தத்துல வெயில் காஞ்சுக்கிட்டுக் கெடக்கானே, இவனுக்குத்தான் ஒண்ணும் இல்லாம இருந்துச்சு." வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எங்கே மாட்டலாம் என்று சுவரைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

துரையையும் அழைத்து வந்தார்கள். காலை இழுத்து இழுத்து வந்தவன் படத்தை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டான். அவனிடம் பாராட்டு வாங்க முடியாது என்று எனக்கு முன்பே தெரியும்.

பிரசன்னாதான் படத்தை விட்டு நகரவில்லை. கிட்டே போவதும் தள்ளி வருவதுமாக இருந்தான். நாய் நெற்றியில் ஒரு மயிரைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டான். அப்புறம் செல்போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ஆன்ட்டி, இது என்ன பேப்பர்? பேப்பர் சூப்பரா இருக்கு. இந்தப் பேப்பர்லதான் இப்படி வருமா?"

பக்கத்தில் நின்ற இவர் இருமிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியாதா?

"பேப்பரா?" என்றேன். "பேப்பர் என்ன தம்பி செய்யும்?"

வீங்கின விரல்களோடு என் வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதப் போட்டோ எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டான்.